பச்சைப்பிள்ளைக்கு நுரையீரலில் கட்டி என்றால்: முக்கூடலிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகனுக்கு இரண்டே முக்கால் வயது. ஆறு மாதத்துக்குள் மூன்று முறை நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூன்றாவது முறை திடீரென மூச்சு முட்டி, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்து, நெஞ்சில் டியூப் போட வேண்டியதாகிவிட்டது. சிடி ஸ்கேனில் வலது கீழ் மடலில் காற்றுப் பைகளும், அவற்றை ஒட்டி ஒரு கட்டியும் தெரிந்திருக்கின்றன. ‘பிபிபி என்கிற நுரையீரல் புற்றுக்கட்டியாக இருக்கலாம், பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்க’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தம்பி கேட்பது இதுதான்: இத்தனூண்டு பிள்ளைக்கு எப்படி நுரையீரல் புற்றுநோய் வரும்? அக்கா பீடி சுற்றுகிறவள், அதனாலா? எங்கே போவது, என்ன செய்வார்கள், பிழைத்துக்கொள்வானா? அக்கா இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள், அந்தப் பிள்ளைக்கும் வருமா?

நான் பாளையங்கோட்டையில் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர். உங்கள் மருமகனை நேரில் பார்க்காமல் அவனுக்கு இதுதான் நோய் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த வகை நோய்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் பீடி. அதனால் இல்லை, தம்பி. பெரியவர்களுக்குப் புகையால் வருகிற நுரையீரல் புற்றுநோய் வேறு, இது வேறு. பிபிபி என்பது புளூரோபல்மனரி பிளாஸ்டோமா. கருவில் நுரையீரல் உருவாகும்போது இருக்கிற இளம் திசுவிலிருந்து கிளம்புகிற கட்டி. 1988-ல்தான் இதைத் தனி நோயாகப் பிரித்துச் சொன்னார்கள். 2009-ல் ஆஷ்லி ஹில் என்ற மருத்துவரின் குழு இதற்குப் பின்னால் டைசர்-1 என்ற மரபணுவில் உள்ள பழுது இருப்பதைக் கண்டுபிடித்தது. பிபிபி வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேரிடம் அந்தப் பழுது பிறவியிலேயே இருக்கும். பெரும்பாலும் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருக்கும், சிலருக்குக் கருவிலேயே புதிதாக ஏற்பட்டிருக்கும். யாரும் எதையும் செய்ததாலோ தின்றதாலோ வருவதில்லை. முக்கூடல், கடையம், மேலப்பாளையம் என்று நம் பக்கத்துப் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். தூள் பறக்கிற இடத்தில் கைக்குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள் என்று நானும் சொல்வதுண்டு. அது இழுப்புக்காகவும், தூள் பிள்ளையின் வாயில் போய்விடக் கூடாது என்பதற்காகவும். அதை இதோடு சேர்த்துக் குழப்பிப் பெற்றவள் தலையில் பழியைப் போடக் கூடாது. வீட்டில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், தாய்மாமன் நீங்கள் நிறுத்துங்கள்.

பிள்ளைகளின் நுரையீரலில் கட்டி தெரிந்தால், அது வேறு இடத்திலிருந்து பரவி வந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிறுநீரகக் கட்டி, ஈரல் கட்டி, எலும்புக் கட்டி ஆகியவை நுரையீரலுக்குப் போகக்கூடியவை. அதனால்தான் நெஞ்சில் கட்டி என்று போன பிள்ளைக்கு வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார்கள். நுரையீரலிலேயே தொடங்குகிற கட்டிகள் மிக அரிது. அவற்றில் ஐந்தாறு வயதுக்குள் என்றால் பிபிபி. பத்து வயதுக்கு மேல், மூச்சுக்குழாய்க்குள் வளர்கிற கார்சினாய்டும் மியூகோஎபிடெர்மாய்டும். எந்த வயதிலும் வரக்கூடிய இன்னொன்று இன்ஃபிளமேட்டரி மையோஃபைப்ரோபிளாஸ்டிக் கட்டி. இதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏஎல்கே என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அவர்களுக்கு, வெட்டி எடுக்க முடியாத நிலையிலும் கிரிசோடினிப் என்ற மாத்திரை வேலை செய்கிறது.

இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பதில் உள்ள சிரமம் ஒன்றுதான். எல்லாமே ஆரம்பத்தில் சளி, காய்ச்சல், இருமல், இழுப்பு என்றுதான் வரும். அந்த நான்கோடு வருகிற பிள்ளைகளில் ஆயிரத்தில் ஒன்றுக்குக்கூட கட்டி இருக்காது. ஆகவே முதல் தடவை நிமோனியா என்று மருந்து கொடுத்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண நிமோனியாவே எக்ஸ்ரேயில் உருண்டையாக, அச்சாகக் கட்டி போலத் தெரிவதுண்டு. மருந்துக்கு அது கரைந்துவிடும். நிமோனியா குணமான பிறகு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, கரைந்ததா என்று பார்ப்பதுதான் இதைப் பிரித்தறியும் வழி. உருண்டையாகத் தெரிந்த நிழலுக்கும், அதே பக்கத்தில் திரும்ப வந்த நிமோனியாவுக்கும் இது கட்டாயம். நம் ஊரில் விட்டுப்போவது இந்த இரண்டாவது எக்ஸ்ரேதான். பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிட்டால் யார் திரும்ப வருகிறார்கள்?

பெற்றோர் வரும்போது ஜவுளிக்கடைப் பையில் எல்லா எக்ஸ்ரேயையும் சுருட்டிக் கொண்டுவருவார்கள். நான் அவற்றைத் தேதி வரிசையில் விளக்குப் பெட்டியில் மாட்டி வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு நிமோனியா. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கார்த்திகையில் எடுத்ததிலும் மாசியில் எடுத்ததிலும் சித்திரையில் எடுத்ததிலும் வலது கீழ் மூலையில் அதே இடத்தில் அதே வெள்ளை. நடுவில் ஒரு படத்திலாவது அந்த மூலை கறுப்பாகத் தெளிந்திருக்கிறதா என்று தேடுவேன். தெளிந்திருந்தால் மனசு கொஞ்சம் ஆறும். ஒரு படத்திலும் தெளியவில்லை என்றால் அது மூன்று நிமோனியா கிடையாது, ஒரே நோய் மூன்று முறை எட்டிப் பார்த்திருக்கிறது. அப்போது சிடி எடுத்தே ஆக வேண்டும். இதற்காகவே சொல்கிறேன், பழைய எக்ஸ்ரேயை எறியாதீர்கள். செல்போனில் எடுத்த படம் போதாது, பிலிமையே வைத்திருங்கள்.

இதில் காசநோய் ஒரு பெரிய சிக்கல். நம் நாட்டில் ஆறாத நிழலைப் பார்த்தால் டிபி-யை முதலில் நினைப்பது சரியான நினைப்புதான். பிள்ளைகளின் டிபி-யில் கிருமி குறைவாக இருக்கும், பரிசோதனையில் சிக்காமலும் போகும். அதனால் கிருமி கிடைக்காமலே மருந்து தொடங்குவதும் உண்டு. அது முறைதான். ஆனால் தொடங்கும் முன்பு சளியையோ, வெறும் வயிற்றில் டியூப் வழியாக இரைப்பையிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரையோ டிபி கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு மாத முடிவில் எடை ஏறியிருக்கிறதா, நிழல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிருமியும் கிடைக்கவில்லை, இரண்டு மாதத்தில் முன்னேற்றமும் இல்லை என்றால், மருந்தை நீட்டிக்கொண்டே போகாமல் வேறு எதையாவது விட்டுவிட்டோமா என்று தேட வேண்டும்.

பெரிய பிள்ளைகளிடம் இது இன்னும் நடக்கும். பதின்மூன்று வயதுப் பெண் இருமும்போது ரத்தம் வருகிறது என்றால் வீட்டாரும் டிபி என்பார்கள், டாக்டரும் டிபி என்பார். ஒரே பக்கம் மட்டும் இழுப்புச் சத்தம் கேட்டால் ஆஸ்துமா என்று இன்ஹேலர் போகும். ஆஸ்துமா இரண்டு பக்கமும் கேட்கிற நோய். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அந்தக் குழாயை ஏதோ அடைக்கிறது. சின்னப் பிள்ளை என்றால் நிலக்கடலையோ புளியங்கொட்டையோ உள்ளே போயிருக்கும், அதைத்தான் முதலில் தேட வேண்டும். பெரிய பிள்ளை என்றால் கார்சினாய்டு மனதில் இருக்க வேண்டும். பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்தால் கோவைப்பழம் போல வழவழப்பாகச் சிவந்து குழாயை மறித்துக்கொண்டு நிற்கும். ரத்த ஓட்டம் அதிகமுள்ள கட்டி என்பதால், கிள்ளி எடுக்கும்போது ரத்தம் கொட்டினால் சமாளிக்க ஆட்களும் வசதியும் தயாராக இருக்கிற இடத்தில்தான் பயாப்ஸி எடுக்க வேண்டும். இது மெதுவாக வளர்கிற கட்டி. அந்தப் பகுதியையும் பக்கத்து நெறிக்கட்டிகளையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கீமோவே வேண்டாம், பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் நன்றாக இருப்பார்கள். குழாயை வெட்டி மறுபடி இணைக்கிற முறையில் நல்ல நுரையீரலைக் காப்பாற்றவும் முடிகிறது. மியூகோஎபிடெர்மாய்டும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் சாதுவான வகைதான், அறுவை மட்டுமே போதும்.

சரி, உங்கள் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பிபிபி மூன்று படி. முதல் வகை வெறும் காற்றுப் பைகள், எட்டு மாத வாக்கில் தெரியவரும். இரண்டாவது வகையில் பையும் கட்டியும் கலந்திருக்கும், மூன்று வயதை ஒட்டி வரும். மூன்றாவது முழுக்கக் கட்டி, மூன்றரை வயது வாக்கில். முதல் வகையைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த வகையாக மாறக்கூடும் என்பதால்தான் இந்த வயது வரிசை. பிறவியிலேயே நுரையீரலில் காற்றுப் பையோடு பிறக்கிற பிள்ளைகள் உண்டு, அது சாதுவான கோளாறு. அதையும் முதல் வகை பிபிபி-யையும் ஸ்கேனை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. சில துப்புகள் உண்டு. பை வெடித்து உங்கள் பிள்ளைக்கு ஆனது போலக் காற்று அடைப்பது ஒன்று. இரண்டு நுரையீரலிலும் பைகள் இருப்பது இன்னொன்று. மூன்றாவது, குடும்ப வரலாறு. உங்கள் அம்மா வழியிலோ மச்சான் வழியிலோ யாருக்காவது சின்ன வயதில் தைராய்டு கழலை ஆபரேஷன், சினைப்பைக் கட்டி, குழந்தைப் பருவத்தில் சிறுநீரகத்தில் நீர்ப்பை என்று இருந்ததா? டைசர்-1 பழுது இப்படி வேறு வேறு இடத்தில் தலைகாட்டும். இதையெல்லாம் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு, எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

டியூப் போட்டதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உயிரைக் காக்கப் போட்டது. மூச்சு வாங்குகிற பிள்ளையை ‘உரம் விழுந்திருக்கு’ என்று துணியில் போட்டு உருட்டுகிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. விலா உள்வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ அதற்கெல்லாம் நேரமில்லை, 108-ஐக் கூப்பிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

இனிமேல் செய்வதில் முதல் ஆபரேஷன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கட்டி உடையாமல், சிதறாமல், அந்த மடலோடு முழுதாக வெளியே வந்தால் பிள்ளைக்கு அது பெரிய வரம். முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் சின்னத் துண்டு எடுத்து உறுதிப்படுத்தி, சில சுற்று கீமோ கொடுத்துச் சுருக்கி, பிறகு எடுப்பார்கள். எதைச் செய்வது என்று முடிவெடுக்கக் குழந்தை அறுவை நிபுணரும், பிள்ளைகளுக்கான புற்றுநோய் டாக்டரும், ஸ்கேன் பார்ப்பவரும் ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். ‘கட்டிதானே, திறந்து எடுத்துவிடலாம், அப்புறம் பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஆயிரம் ஆபரேஷன் செய்த கையாக இருந்தாலும் சரி.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரிப் பெரியாஸ்பத்திரியில் காட்டி, ஸ்கேன்களையும் பரிந்துரைக் கடிதத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சிஎம்சி என்று இடங்கள் உண்டு. நம் ஊருக்குக் கிட்டே என்று பார்த்தால் திருவனந்தபுரம் ஆர்சிசி என்கிற மண்டலப் புற்றுநோய் மையம். காப்பீட்டு அட்டை செல்லுமா என்று மட்டும் கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். எட்டு ஒன்பது மாதம் போய்வர வேண்டியிருக்கும், தூரத்தையும் கணக்கில் எடுங்கள். ஆனால் ஆபரேஷன் விஷயத்தில் தூரம் பார்க்காதீர்கள்.

எடுத்த திசுவை என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். சில இடங்களில் பார்மலின் டப்பாவை வீட்டாரிடமே கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அப்படிக் கொடுத்தால் பெயர் ஒட்டியிருக்கிறதா, எடுத்தது முழுவதும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு, திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டுகளையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இது பெரும்பாலான திசு டாக்டர்கள் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்க்கிற நோய், இரண்டாவது கருத்து கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1987 முதல் இந்த நோய்க்கென்றே ஒரு சர்வதேசப் பதிவேடு இயங்குகிறது. உங்கள் டாக்டர் எழுதினால் அவர்கள் ஆலோசனை சொல்வார்கள்.

கட்டி இருக்கிற வகை என்றால் கீமோ உண்டு. ஐஃபோஸ்ஃபமைட், வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின்-டி, டாக்ஸோரூபிசின் என்ற நான்கு மருந்தைச் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு சுற்றாகக் கொடுப்பார்கள். முடி கொட்டும், திரும்ப வளரும். மலச்சிக்கல், தாடை வலி, கால் தடுமாற்றம் வந்தால் வின்கிரிஸ்டினால் இருக்கலாம், சொல்லுங்கள். டாக்ஸோரூபிசினுக்காக இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே போவார்கள். இந்தக் கட்டி மூளைக்குப் போகிற குணமுள்ளது. தலைவலி, காலையில் வாந்தி, மாறுகண் என்று எது வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களைவிட, வீட்டுக்கு வந்து இருக்கிற நாட்கள்தான் எனக்குக் கவலை. கீமோ முடிந்து ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே அவசரம். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் ஊசி மருந்து ஏற வேண்டும். முக்கூடலிலிருந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கே போவது, எந்த வண்டி, யார் ஓட்டுவது என்பதை முதல் சுற்று முடியும்போதே முடிவு செய்துவையுங்கள். ‘இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் இந்த ஆன்டிபயாடிக்கைப் போடவும்’ என்று கீமோ கொடுக்கிற டாக்டரிடம் கடிதம் வாங்கி, அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். டெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அம்மை இன்னொரு பயம். சித்திரை வைகாசியில் தெருவில் யார் வீட்டிலாவது வேப்பிலை கட்டியிருந்தால் பிள்ளையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அம்மை கண்ட பிள்ளையோடு ஒரே அறையில் இருந்துவிட்டான் என்றால், கொப்புளம் வரும்வரை பார்க்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், தடுக்க மருந்து இருக்கிறது. கோயில் கொடைக்கு இந்த வருஷம் அவன் போக வேண்டாம், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். தாமிரபரணித் தண்ணீர்தானே என்று இருக்காமல் கொதிக்க வைத்துக் கொடுங்கள். இட்லி, இடியாப்பம், நன்றாக வெந்த முட்டை, மீன் எல்லாம் தரலாம், பத்தியம் எதுவும் கிடையாது. கீமோ ஓடும்போது மூலிகைக் கஷாயமோ பஸ்பமோ சேர்க்காதீர்கள். ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே மருந்தோடு போராடிக்கொண்டிருக்கும்.

பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் விஏஓ-விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். அக்காவிடம் பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் நல நிதியிலும் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி உண்டு, அதையும் விடாதீர்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும்போது ஆஸ்பத்திரிச் சான்று காட்டினால் பிள்ளைக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழுக்க இலவசம், துணைக்குப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை.

பிழைப்பானா என்று கேட்டீர்கள். அந்தச் சர்வதேசப் பதிவேட்டின் 2015 அறிக்கைப்படி ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், முதல் வகையில் நூற்றுக்கு 91 பேர், இரண்டாவதில் 71, மூன்றாவதில் 53. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வகைபோல இருக்கிறது, அதைத் திசு பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆபரேஷனில் முழுதாக எடுக்க முடிந்ததா என்பதைப் பொறுத்து இது மேலேயும் போகும், கீழேயும் வரும். குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்கிற வைத்தியம்தான் இது. நடுவில் பிள்ளை தெளிவாக இருக்கிறான் என்று நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, அக்கா வயிற்றில் இருக்கும் பிள்ளை. மருமகனுக்கு ரத்தத்தில் டைசர்-1 பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பழுது இல்லை என்று வந்தால் தம்பி தங்கைக்கு வரும் என்ற பயம் பெரும்பாலும் தீர்ந்தது. இருந்தால், தாய் தகப்பன் இருவருக்கும் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழுது வந்தாலே நோய் வரும் என்று அர்த்தமில்லை, அதைச் சுமக்கிற பலருக்கு ஒன்றுமே வருவதில்லை. வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேன் பார்க்கிறவரிடம் மூத்தவனுக்கு இப்படி என்று சொல்லி, நுரையீரலைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்ததும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பலாம். பழுது இருந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு சிடி, இரண்டரை மூன்று வயதில் இன்னொரு சிடி, எட்டு வயதுவரை சில மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே, கூடவே வயிற்று ஸ்கேன். இப்படிப் பார்த்துவந்தால், வந்தாலும் வெறும் பையாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். ஹைகிரவுண்டுக்குப் போகிற அன்றைக்கே அக்காவையும் பிரசவப் பிரிவில் காட்டி, இதைச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.